தடம் பதியாத புல்

என் மகளுடைய முழங்காலில் லிகமென்ட் அறுந்த பிறகு, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டில் கறுப்புத் துகள்கள் அகப்பட்டுக்கொண்டே இருந்தன. கடுகைவிடச் சற்றே பெரியவை, ரப்பரால் ஆனவை. செயற்கைப் புல் மைதானங்களில் பிளாஸ்டிக் இழைகள் சாயாமல் நிற்பதற்காக அவற்றின் அடியில் பரப்புவார்கள். அவள் அங்கிருந்து கொண்டுவந்த பையை நான் உதறி, துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்திருந்தேன். அப்படியும் அவை குளியலறைச் சல்லடையில் வந்து தங்கின. தலையணை உறையின் மூலையில் இருந்தன. ஒரு நாள் அரிசி களையும்போது ஒன்று என் விரல்களுக்கிடையில் நெருடியது. அரிசிக்குள் அது வந்த வழி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை விரல்நுனியில் ஒற்றி எடுத்து வைத்துக்கொண்டு, உலை கொதிப்பதைக் கேட்டபடி நின்றிருந்தேன். இறந்தவர்களின் வீட்டில்தான் பொருள்கள் இப்படி ஒவ்வொன்றாகத் தலைகாட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே எவரும் இறக்கவில்லை. பக்கத்து அறையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பேசியில் அந்த ஆட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காற்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவள். கடலோர நகரம் ஒன்றில் இருக்கும் கிளப்பின் பெண்கள் அணியில் நடுக்களத்தில் ஆடினாள். கல்யாண வீடுகளில் இதை விளக்குவது எளிதாக இருந்ததில்லை. "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்பவர்களுக்கு என் கணவர் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"நான் கையால சம்பாதிக்கேன், எம்மவ காலால சம்பாதிக்கா. எங்க வீட்டுல வாயால சம்பாதிக்கது இவ மட்டுந்தான்."

வாய் என்றது என்னை. அவருக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் சிறிய தறிக்கூடம் உண்டு. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் பணிபுரிகிறேன். உண்மையில் அங்கே நான் வாய் திறப்பதே இல்லை. சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பிறர் சொல்லும் சாட்சியத்தைத் தட்டச்சு செய்கிறேன். மருத்துவர் கூண்டில் ஏறி, ஒரு மனிதரின் காலில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று விழுக்காட்டில் சொல்வார். 'தரையில் சம்மணமிட்டு உட்கார இயலாது. படி ஏறுவது சிரமம். முன்பு பார்த்த வேலையைத் தொடர இயலாது.' இந்த வாக்கியங்கள் என் விரல்களுக்கு மனப்பாடம். என் வீட்டிலேயே அவற்றுக்கு வேலை வரும் என்று நான் எண்ணியதில்லை.

அந்த ஆட்டம் முதலில் புல்தரையில் நடப்பதாக இருந்தது. வாரம் முழுவதும் அங்கேதான் பயிற்சி. முந்தைய நாள் பலத்த மழை பெய்தது. மறுநாள் அதே தரையில் ஆண்கள் அணிக்கு ஆட்டம். பெண்கள் முதலில் இறங்கினால் ஈரப் புல் பெயர்ந்துவிடும் என்று, கடைசி நேரத்தில் இவர்களை ஊரின் மறுகோடியில் இருந்த செயற்கைப் புல் மைதானத்துக்கு மாற்றினார்கள். இவள் பையில் இருந்தது புல்தரைக்கான பூட்ஸ். அடிப்பாகத்தில் நீளமான குமிழ்கள். ஈர மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதற்கானவை. குட்டைக் குமிழ் வைத்த மற்றொரு ஜோடி விடுதியில் கிடந்தது. எடுத்துவர நேரமில்லை. பின்னொரு நாள் இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"புல்லைக் காப்பாத்தணும்லாம்மா. அதான் எங்கள பிளாஸ்டிக்குக்கு அனுப்பிட்டாவ."

நான் வீட்டில் இருந்தபடி நேரலையில் பார்த்தேன். இடைவேளை முடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. நடு வட்டத்துக்கு இடப்புறம் பந்து அவளிடம் வந்தது. இடக்காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பினாள். பத்து வயதிலிருந்து அவள் திரும்புகிற திருப்பம்தான் அது. உடம்பு திரும்பிற்று, பாதம் திரும்பவில்லை. அருகில் எவரும் இல்லை. யாரும் அவளை இடிக்கவில்லை. கேட்பாரற்ற ஒரு வெளியில், தன் பாரத்தாலேயே அவள் மடிந்து விழுந்தாள்.

நான் ஒரு சத்தத்தைக் கேட்டேன். முற்றாத முருங்கைக்காயை இரண்டாக ஒடிக்கும்போது வருகிற, ஈரமும் உறுதியும் கலந்த ஒரு சத்தம். பின்னால் அவளிடம் கேட்டபோது அவள் மறுத்தாள். "சத்தம்லாம் இல்லம்மா. உள்ளுக்குள்ள ஏதோ வழுக்கி எறங்குனாப்ல இருந்துச்சு. அம்புட்டுத்தான்." பதிவை நானும் பலமுறை கேட்டுவிட்டேன். அந்த நொடியில் வர்ணனையாளர் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கடியில் எதுவும் இல்லை. அத்தனை தொலைவில், கைப்பேசியின் சிறு துளை வழியாக, ஒரு முழங்காலுக்குள் நிகழ்ந்தது எனக்குக் கேட்டிருக்க முடியாது. குறுக்கு விசாரணையில் நான் ஒரு நிமிடம் தாங்கமாட்டேன். ஆயினும் கேட்டேன். அதன்பின் காய்கறி வாங்கி வந்த என் கணவரிடம், முருங்கைக்காயைக் கத்தியால் நறுக்கிக் கொடுங்கள், ஒடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அவள் பதிவில் தன் காலைப் பார்த்தாள். நான் பார்த்தது வேறு. அவளைத் தூக்கிச் சென்ற பிறகு கேமரா சற்று நேரம் அந்த இடத்திலேயே நிற்கிறது. அங்கே ஒன்றுமில்லை. புல்தரை என்றால் ஒரு கீறல் இருக்கும். வேரோடு பெயர்ந்த ஒரு மண்கட்டி கிடக்கும். இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று சொல்ல ஏதாவது மிஞ்சும். இங்கே நசுங்கிய பச்சை இழைகள் மறுபடி நிமிர்ந்துவிட்டன. ஆட்டம் அதன்மேல் தொடர்ந்து நடந்தது. பிற வீராங்கனைகள் அந்த இடத்தின்மேல் ஓடினார்கள். அவர்களுக்கு அது எந்த இடம் என்று தெரிந்திருக்க வழியில்லை. அந்த வழுவழுப்பான பச்சை என் கனவுகளில் வந்தது. கனவில் நான் குனிந்து, கைகளால் தடவி, என் பிள்ளை விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அறுவைச் சிகிச்சை மதுரையில் நடந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்காலுக்குள் பொருத்தினார்கள். மருத்துவர் முதலில் கேட்டது, விழுந்தது எந்தத் தரையில் என்பதைத்தான். அப்படியானால் அந்தத் தரைதான் காரணமா என்று கேட்டேன்.

"ஒரே வரியில சொல்ல முடியாதும்மா," என்றார். "மோசமான புல்தரையிலயும் கால் போகும், சிமென்ட் மாதிரி காஞ்ச மண்ணுலயும் போகும். ஆனா மண்ணுல கால் மாட்டுனா, மண்ணு பிஞ்சு விட்டுக்குடுக்கும். அங்க பிய்யிறதுக்கு வேற எதுவுமே இல்லைன்னா..."

அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தவர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆடுகிறவர்களிடம் அந்த வாதம் இல்லை. என் மகளோடு ஆடிய பெண்கள் அவளைப் பார்க்க வீடியோ அழைப்பில் வருவார்கள். அவர்கள் பேச்சில் 'அந்தத் தரை' என்றாலே போதும். எல்லோரும் ஒரு கணம் தங்கள் கால்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரான ராஜபாளையத்தில் அவள் நடக்கப் பழகினாள். என் கணவர் தன் தறியிலிருந்தே துணி கொண்டுவருவார். "ஊரு உலகத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்தேன்," என்று அவள் காலுக்குக் கீழே மடித்து வைத்தபடி சொல்வார். "என் வீட்டுக்கு ஒரு ஆர்டர் வராதான்னு ஒரு நாளாச்சும் நெனச்சேனா?" அவள் சிரிப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் முகம் மாறுவதை நான் மட்டும் பார்ப்பேன்.

மாதங்கள் போயின. அவள் பந்து பழகிய பள்ளி மைதானத்தில், காலை வேளைகளில் ஓடத் தொடங்கினாள். பாதி கரிசல், பாதி செம்மண், இடையிடையே அருகம்புல் திட்டுகள், ஓரங்களில் நெருஞ்சி. அந்தத் தரையை எவரும் நல்ல தரை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே அவள் திரும்பினாள். இடக்காலை ஊன்றினாள், காலடியில் மண் சற்றே நகர்ந்தது, புல் கொஞ்சம் பிய்ந்தது, அவள் மறுபக்கம் போனாள். போன பிறகு நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். ஒரு விரற்கடை நீளத்துக்கு இழுபட்ட தடம். அவள் காலுக்குப் பதிலாக அந்த மண் பட்ட அடி அது. அதைக் கடந்து போக எனக்கு மனம் வராது.

கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த பருவத்துக்கு அவளை வைத்துக்கொள்ள விரும்பினார்கள். ஆனால் பெண்கள் அணியின் ஆட்டங்கள் இனி முழுக்கவும் செயற்கைப் புல்லில்தான். வந்து, அந்தத் தரையில் ஆடிக் காட்ட வேண்டும். முடியாது என்று தோன்றினால் முன்பே சொல்லிவிட வேண்டும். அவளிடத்துக்கு வேறொரு பெண் காத்திருந்தாள். ஒரு வாரத்தில் பதில் கேட்டார்கள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவளால் முடியாமல் போக வேண்டும். அவளாகவே அதைக் கண்டறிந்து, அவளாகவே சொல்லிவிட வேண்டும். இந்த ஆசையை நான் எவரிடமும் வெளியிடவில்லை. ஆனால் அது என்னுடன் பேருந்தில் ஏறிற்று, என்னுடன் அலுவலகத்தில் உட்கார்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மதுரைச் சாலையை ஒட்டி ஒரு டர்ஃப் வந்திருந்தது. மரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடைக்குப் பின்னால் இருந்த தன் இடத்தில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். நான் அலுவலகம் விட்டுப் போகும் நேரத்துக்கு என் மகள் ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்துவிடுவாள். கூட்டம் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் அவள் ஓடிப் பார்ப்பதற்குப் பாய் அனுமதித்தார். கடையின் பில் மேசைக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலியும் போட்டுவைத்தார்.

முதல் நாள் அவள் குட்டைக் குமிழ் பூட்ஸ் அணிந்து உள்ளே போனாள். நாலடி வைத்ததும் நின்றாள். நான் வலைக்கு இப்பால் இருந்தேன்.

"அம்மா, செத்த இங்க வாங்களேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். பகல் முழுவதும் வெயில் குடித்த ரப்பர் உள்ளங்காலைச் சுட்டது. அவள் கைகாட்டிய இடத்தில், நடு வட்டத்துக்கு இடப்புறம், முறத்தளவுக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. நடுவில் அழுத்தமாகவும், ஓரங்களில் தெறித்தும்.

"இதே எடந்தாம்மா," என்றாள். "அங்க நான் விழுந்தது. நடு வட்டத்துக்கு இந்தப் பக்கம், இம்புட்டு தூரத்துல. இதே எடம்."

அங்கே நான் கனவில் தேடிய அடையாளம், யாரும் கேட்காமலே, இங்கே போடப்பட்டிருந்தது.

பாய் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார். அவருடைய சங்கடம் அவர் நடையிலேயே தெரிந்தது.

"அது ஒண்ணுமில்லக்கா, பூசணிக்காய். ஆயுத பூசைக்கு நம்ம ஆளுக ஒடச்சது."

நடந்தது இதுதான். முந்தைய ஆண்டு ஆயுத பூசையின்போது, கடை ஆட்கள் திருஷ்டி சுற்றி வாசலில், சாலையோரமாகப் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தச் சதையில் வழுக்கி ஒரு ஸ்கூட்டர் விழுந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. அத்தகைய வழக்குகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அடிபடக் கூடாது என்பதற்காக உடைத்த காயில் வழுக்கி அடிபட்டவர்கள். அதனால் இந்த ஆண்டு பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ரோட்டில் உடைக்கக் கூடாது என்று. ஆட்கள் சொல்பேச்சுக் கேட்பவர்கள். மின்பலகைக்கும் கோல் கம்பங்களுக்கும் சந்தனம் வைத்து முடித்து, காயைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், மைதானத்தின் நடுவிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றிய காய்.

"மண்ணுன்னா ஒரு மழைக்குப் போயிரும்க்கா. இது குடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கு," என்றார். "சோப்பு போட்டுத் தேச்சோம். பிளீச்சிங் போட்டோம். கொஞ்சம் வெளுத்து ரோசா நிறமாச்சு, அம்புட்டுத்தான். வாரவன் பூராம் இங்க என்ன கொலையான்னு கேக்கான்."

என் மகள் சிரித்தாள். ஆனால் அன்றும் அடுத்தடுத்த நாள்களிலும் அவள் அந்தக் கறையைச் சுற்றிக்கொண்டுதான் ஓடினாள். நேராக ஓடும்போது குறையே சொல்ல முடியாது. திரும்ப வேண்டிய இடம் நெருங்கும்போது அவள் அடிகள் சிறுத்தன. ஒன்றாகத் திரும்ப வேண்டியதை ஏழெட்டாக உடைத்து, துண்டு துண்டாகத் திரும்பினாள். கால் தயாராக இருக்கிறது என்று பிசியோ எழுதிக் கொடுத்துவிட்டார். தரையின் பச்சை மட்டும் அவள் காலிடம் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் தந்தை வந்து பார்த்தார்.

"ஏட்டி, லாரி ரிவர்ஸ் எடுக்காப்ல இருக்கே. பின்னால நின்னு நான் வேணா 'வரலாம் வரலாம்'னு சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா நான் தறிக்குள்ளதான்ப்பா போயி விழணும்," என்றாள் அவள்.

பாய்க்கு மனம் கேட்கவில்லை. கறை இருக்கும் துண்டை வெட்டியெடுத்து வேறு துண்டு ஒட்டித் தருவதாகச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "வேண்டாம் பாய். ஒட்டுப் போட்டா அந்த ஒட்டுல இன்னொருத்தர் கால் மாட்டும்." அவர் தலையசைத்துவிட்டு பில் மேசைக்குப் போனார்.

பதில் சொல்வதற்கு முந்தைய நாள் வந்தது. மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது, மழை வரவில்லை. அவள் வழக்கம்போல் ஓடினாள், வழக்கம்போல் அடிகள் சிறுத்தன. கடைசியில் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினாள்.

"நாளைக்குக் காலைல சொல்லிருதேம்மா. வரலைன்னு."

"சரி," என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் பேசியிருந்தால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நெஞ்சுக்குள் நெடுநாளாக நின்றுகொண்டே இருந்த ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது.

அப்போது அன்றைய கூட்டம் வந்தது. கடைவீதியில் வேலை பார்க்கும் இளைஞர்கள். துணிக்கடை, மொபைல் கடை, பால்கோவா கடை. வாரம் ஒரு முறை கூட்டாக வாடகை போட்டு ஆடுகிறவர்கள். எண்ணிப் பார்த்துவிட்டு ஒருவர் வலைப்பக்கம் வந்தார்.

"அக்கா, ஒரு ஆளு கொறையுது. சும்மா நிக்கதுக்கு வாரியளா? கோல்ல நின்னாப் போதும்."

"எனக்கு அம்புட்டா வராதே," என்றாள் என் மகள்.

"இந்தா, இவன் பால்கோவா கிண்டுதவன். நாலு வருசமா வாரான், இவனுக்கே வரல. உங்களுக்கு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்ட பிறகு ஆடுகிற ஆட்டத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எண்ணி, நான் தலையசைத்தேன். கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டு போனாள்.

முதலில் ஓரமாகத்தான் நின்றாள். வந்த பந்தை நின்ற இடத்திலிருந்தே தள்ளிவிட்டாள். பிறகு மொபைல் கடைக்காரர் அவள் காலிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "பந்து வேணும்னா கேளுங்கக்கா, தாரேன்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என் மகளின் தோள்கள் சற்றே இறங்கியதைக் கண்டேன். அவள் சிறுவயதில் கோபம் வந்தால் இப்படித்தான் தோளை இறக்குவாள்.

அடுத்த முறை அவர் நடுவில் பந்தோடு வந்தபோது அவள் எதிரே இருந்தாள். எப்படி எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது. பந்து அவளிடம் இருந்தது. அவர் முட்டிக்கொண்டு வந்தார். அவள் இடக்காலை ஊன்றினாள். ஊன்றியது அந்தச் சிவப்பின்மேல். ஒரே திருப்பம். அடி சிறுக்கவில்லை, உடையவில்லை. பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒன்றாகச் சுழன்று வலப்பக்கம் போயின. அவர் வெறும் காற்றை முட்டிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். என் கை வலையின் கண்ணிக்குள் இறுகியிருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஒடியவில்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, யார்ரா இந்த அக்காவ கோல்ல நிக்கச் சொன்னது?" என்று துணிக்கடைக்காரர் கேட்டார்.

ஆட்டம் முடிந்து, வியர்வையோடு, சிரித்துக்கொண்டே அவள் வெளியே வந்தபோது அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. தான் திரும்பியது அவளுக்குத் தெரியவில்லை.

ராஜபாளையம் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவள் சொன்னாள்:

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. சும்மா ஆடுறதுக்கு எனக்கு இது போதும். வாரம் ஒருக்க இப்படி வந்து ஆடிக்கலாம்லா?"

"ஆடிக்கலாமே," என்றேன்.

பேருந்து போய்க்கொண்டிருந்தது. தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலை கறுத்திருந்தது. நான் அமைதியாக இருந்தால் போதும். கூண்டில் ஏறுகிறவர்கள் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுப்பதை ஆயுளில் பாதி கேட்டிருக்கிறேன். கேட்காத கேள்விக்கு விடை சொல்லாத சாட்சி பொய்ச்சாட்சி ஆவதில்லை, அதையும் அறிவேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாளைக் காலை ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு அவள் இங்கேயே இருப்பாள். ஏதேனும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆவாள். அருகம்புல்லில் பிள்ளைகளை ஓடவிடுவாள். என் கண்ணெதிரே இரண்டு கால்களோடு நடப்பாள். அந்த வாழ்வில் ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை. தன்னால் முடியாது என்று அவள் ஆயுள் முழுதும் நம்புவாள் என்பதைத் தவிர. அந்த நம்பிக்கை பொய் என்று அறிந்த ஒரே ஆள் அவளருகில் உட்கார்ந்து சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள்.

"நீ திரும்பினே," என்றேன்.

"என்னது?"

"டர்ஃப்ல. அந்தச் செவப்பு மேல. இடது கால ஊனி, ஒரே வெட்டாத் திரும்பினே."

"எப்பம்மா?"

"அந்த மொபைல் கடைத் தம்பிகிட்ட பந்தை எடுத்தியே, அப்போ."

அவள் நினைவுகூர முயல்வது தெரிந்தது. கண்ணை மூடினாள், இடது பாதம் பேருந்தின் தகரத் தரையில் லேசாக அசைந்தது.

"எனக்குத் தெரியவே இல்லையே."

"நான் பாத்தேன்."

"நெசமாவா?"

"பாத்தேன்மா."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேத்தூர் போகிற பெண்கள் இருவர் முன் இருக்கையில் நூற்பாலை ஷிப்ட் பற்றிச் சலித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு, என்னைப் பார்க்காமலே, என் மகள் கேட்டாள்:

"ஏம்மா சொன்னீங்க? சொல்லாம இருந்திருக்கலாம்லா."

நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. புல்தரை வைத்திருக்கும் வேறு கிளப் எதையாவது பார்க்கக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"புல்லு இருந்தாத்தான் ஆடுவேன்னு நின்னா, பொம்பளப் பிள்ளைக்கு ஆட்டமே கிடையாதும்மா," என்றாள். குரலில் கடுமை இல்லை. எனக்கு ஒரு வழியைச் சொல்லித் தருவதுபோல இருந்தது. "அதுல ஆடிக்கிட்டேதான் புல்லு கேக்கணும்."

மறுநாள் காலையில் அவள் கிளப்பை அழைத்து, வருகிறேன் என்று சொன்னாள். அந்த வாரமே புறப்பட்டுப் போனாள். ஆடிக் காட்டினாள், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறாள். முதல் ஆட்டத்துக்குப் பிறகு மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு, தரையை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டாளாம். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

நான் நேரலை பார்ப்பதில்லை. என் கணவர் தறிக்கூடத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில், கைப்பேசியைத் தூணில் சாய்த்துவைத்துப் பார்க்கிறார். நான் சனிக்கிழமைகளில் அலமாரியை அடுக்குகிறேன். ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குகிறேன். ஆட்டம் முடிந்து அவள் அழைக்கும்வரை, என் மனத்தில் அவள் அந்தப் பச்சையின்மேல் விழுந்தபடியே இருக்கிறாள். நிமிர்ந்துவிட்ட இழைகளுக்கு நடுவே, எந்த இடம் என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில். அந்த நேரங்களில், அன்று பேருந்தில் வாய் திறக்காமல் இருந்திருக்க முடியுமா என்று எண்ணாமல் இருந்ததில்லை. முடிந்திருக்காது என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது; அதனால் அந்த நேரம் குறைந்துவிடுவதும் இல்லை.

பிறகு தொலைபேசி அடிக்கிறது. வணக்கம், நலம் எதுவும் சொல்லாமல், மூச்சிரைக்க, அவள் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"ரெண்டு காலும் இருக்கும்மா."

அதன் பிறகே நான், ஜெயித்தீர்களா என்று கேட்கிறேன்.